பூட்டு விழுங்கிய சொல்

என் சாமு மச்சான்,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. நாம் எழுதிய ஒலிப்பதிவு மென்பொருளை நேற்றும் ஓட்டினேன். ஒரு சொட்டு சத்தம்கூடச் சிந்தவில்லை. இதைக் கேட்டால் நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

பொத்தேரி டீக்கடையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? மைக்கிலிருந்து ஒலி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதை வாங்கி வைக்க ஒரு வேலை, எடுத்துக் கோப்பில் எழுத இன்னொரு வேலை. இரண்டும் ஒரே இடத்தில் கை வைத்தால் குழம்பிவிடுமே என்று பயந்து நான் நிரலில் ஒரு பூட்டுப் போட்டிருந்தேன். ஒன்று உள்ளே இருந்தால் மற்றது வெளியே நிற்க வேண்டும். வீட்டுக் கதவையே மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன் நான், வேறு எப்படி எழுதுவேன்?

நீ எட்டு காலி டீ கிளாஸை மேசையில் வட்டமாக அடுக்கினாய். "நீ ஊத்திகினே போ, நான் பின்னாடியே எடுத்துகினே வரேன். உன் கை எங்க கீதுன்னு நான் பாத்துக்கறேன், என் கை எங்க கீதுன்னு நீ பாத்துக்க. நீ சுத்தி வரச்சொல்ல மொத கிளாஸு காலியா இருக்கும். பூட்டு இன்னாத்துக்கு?"

உன் வட்டத்தில் எந்தத் தப்பும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. "பாக்கலாம்" என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் மாமல்லபுரம் கரையில், படகுகளுக்குப் பக்கத்தில், என் பூட்டை வைத்தே பதிவு செய்தோம். மைக் வைத்தது அலையைப் பிடிக்க. நீ அதற்கு முன்னால் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். மெமரி கார்டு ஆமை வேகம். அது எழுதி முடிக்கும்வரை பூட்டுத் திறக்காது, அதுவரை மைக்கில் வந்ததெல்லாம் வைக்க இடமில்லாமல் போனது. போட்டுக் கேட்டால் ஆறு இடத்தில் உன் குரல் அறுந்திருந்தது. அன்று மாலையே பூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு உன் கிளாஸ் வட்டத்தை எழுதினோம்.

அதற்கப்புறம் எத்தனை கோயில் கச்சேரி, எத்தனை சர்ச் பாட்டு! எல்லாம் பதிவில் முழுசாக விழுந்தன. நீ மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாய். காய்ச்சல் என்று படுத்தாய், பத்தே நாளில் போய்விட்டாய். எல்லாவற்றையும் துழாவிப் பார்த்துவிட்டேன், மச்சான். உன் குரல் இருப்பது அந்த ஒரு பதிவில்தான். என் பூட்டுப் போட்ட பதிவில்.

போன ஞாயிறு செய்யூரில் உன் அம்மா அதைக் கேட்க ஆசைப்பட்டார்கள். அறுந்த இடங்களில் உன் குரல் மாதிரியே கணினியில் செய்து ஒட்டித் தருவதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. இருப்பதை அப்படியே போட்டுக் காட்டினேன்.

"இன்னாப்பா, நின்னு நின்னு வருது?"

"என்னாலதாம்மா. நான் பண்ண தப்பு."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு, "நீ பக்கத்துலதான இருந்த? நிக்கற எடத்துல அவன் இன்னா சொன்னான்னு நீ சொல்லு" என்றார்கள்.

மறுபடி ஓட்டினேன். "டேய் குமரா, அந்த..." என்று நின்றாய். "பூட்ட எட்றா" என்றேன். "சத்தம் யாருக்காகவும்..." என்றாய். "நிக்காதுடா, லூசு" என்றேன். நீ திட்டியதையெல்லாம் சொல்லி என் வாயாலேயே என்னைத் திட்டிக்கொண்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐந்து இடத்தை இப்படித் தாண்டினோம்.

கடைசி இடத்தில், "இத்த முடிச்சிட்டு ரெண்டு பேரும்..." என்கிறாய். அப்புறம் ஒன்றுமில்லை, அலைகூட இல்லை. அப்புறம், "...போலாம்டா."

"எங்க போலாம்னான்?" என்று அம்மா கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை, சாமு. நீ அதைச் சொன்னபோது நான் திரையில் ஒலிக்கோடு துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசியது என் காதில் ஏறவே இல்லை. ஆனால் அடுத்த நொடியே என் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது: "ம், சரிடா."

எங்கே கூப்பிட்டாய்? உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

அந்த இடத்தில் யார் குரலையும் ஒட்ட மாட்டேன். மாதம் ஒரு ஞாயிறு செய்யூருக்குப் போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த ஐந்தையும் சொல்வேன். ஆறாவது வரும்போது வாயை மூடிக்கொண்டு, இந்த முறையாவது உன்னைக் கேட்பேன்.

சரி என்று சொன்ன
உன் மச்சான்,
குமரன்