இரண்டு அங்குல இரும்பு

பாளையம்பட்டி மெக்கானிக் இன்று உங்கள் மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டை அறுத்தார். தீப்பொறி பறந்தது. இரும்பு கருகிய வாடை வந்தது. அறுந்த துண்டு உருண்டு என் செருப்பருகே வந்து நின்றது. இரண்டு அங்குலம் இருக்கும். சூடு ஆறும்வரை காத்திருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியைப் போன வாரமே எனக்குத் தக்கபடி தாழ்த்தியாகிவிட்டது. லோடு ஆட்டோவில் ஏற்றி இதே மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். சீட்டுப் பஞ்சைச் செதுக்கி, பின்னால் குட்டையான ஷாக் அப்சர்வர் மாட்டி, முன்பக்கத்தையும் இறக்கிக் கொடுத்தார். ஸ்டாண்டை மட்டும் இருவருமே மறந்துவிட்டோம். அது பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி சாய இடமில்லாமல் நிமிர்ந்தே நின்றது. உங்கள் வாரிசுச் சான்றிதழுக்காகத் திருச்சுழி தாலுகா ஆபீஸில் நான் நிற்கும்போது, ஒரு காற்றுக்கு மறுபக்கம் தடாலென்று விழுந்தது. வரிசையே சிரித்தது. நீங்கள் இருந்திருந்தால் இன்னும் உரக்கச் சிரித்திருப்பீர்கள்.

கல்யாணமான புதிதில், அம்மா வீட்டில் மொபெட் ஓட்டிய தைரியத்தில் உங்கள் வண்டியைக் கேட்டேன். ஊர் டீக்கடை முன்னால் என்னை ஏற்றி உட்காரவைத்தீர்கள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. பிடித்திருந்த கையை வேண்டுமென்றே எடுத்தீர்கள். விழுந்தேன். "ஏலே, தூக்கி விடுங்கலே, தரையத் தேடிக்கிட்டுக் கெடக்கா" என்றீர்கள் கூட்டாளிகளிடம். முழங்காலில் ரத்தம் வர வர நானும் சேர்ந்து சிரித்தேனே, அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கெஞ்சிக் கெஞ்சித்தான் காட்டுப் பாதையில் கியர் போட்டு ஓட்டப் பழகினேன். நிறுத்தும்போது பின்னால் இருக்கும் நீங்கள் காலூன்ற வேண்டும். வண்டியை இறக்கிவிடலாம் என்று மெக்கானிக் அப்போதே சொன்னார். "இவளுக்காக நான் முட்டிய மடக்கிக்கிட்டு ஓட்டணுமா?" என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

அந்த மத்தியானம் மிளகாய்க் களத்தில் நாம் இருவர்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். போன் செய்தேன். ஆம்புலன்ஸ் அருப்புக்கோட்டையிலிருந்து வர வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களைப் பின்னால் ஏற்றி, முந்தானையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, களத்துத் திண்டில் காலூன்றிக் கிளப்பினேன். மண்பாதை முழுக்க ஓட்டிவிட்டேன். ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு லாரி வந்தது. பிரேக் பிடித்தேன். என் கால் எட்டவில்லை. உங்களால் ஊன்ற முடியவில்லை. கருவேல முள்ளுக்குள் விழுந்தோம்.

முகமெல்லாம் முள். அப்போதும் என்னைப் பார்த்து, "நாந்தான் சொன்னேன்ல, ஒனக்கு எட்டாதுன்னு" என்றீர்கள். ஜெயித்தவர் முகம் அது. அதன்பிறகு நீங்கள் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை.

விழாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. உங்கள் அக்காவுக்குத் தெரியும். "எந்தம்பிய வண்டியோட கவுத்துக் கொன்னுட்டாளே" என்று உங்களைக் கிடத்தியிருந்த வீட்டிலேயே மாரடித்தார். கூடியிருந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள்.

மொத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இன்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "ரெண்டு அங்குலந்தான் மதினி. அரை நாள் வேல" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தத் துண்டை உங்கள் அக்கா மடியில் போட்டு, "உங்க தம்பியக் கொன்னது இதுதான்" என்று சொல்லத்தான் எடுத்தேன். போகவில்லை. பையிலேயே இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

திரும்பும் வழியில், மண்பாதை ரோட்டில் ஏறும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. "எட்டுதுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். ஜெயித்த அந்த முகம் தோற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதற்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.