அந்த வரியிலேயே நிற்க வேண்டும்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று அலுவலகத்தில் சின்னதாக ஒரு சண்டை. நாங்கள் உருவாக்கும் கணினி மொழியில், ஒரு மதிப்பை மாற்றும் வரியை யாராவது தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

“புரோகிராம் பழைய மதிப்பையே வெச்சுக்கிட்டு ஓடட்டும். எதுக்கு ஆளைப் பயமுறுத்தணும்?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

“அந்த வரியிலேயே நின்னு, தப்புன்னு சொல்லணும்” என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அப்பா இறந்த பிறகும் பதினோரு நாள் போனில், “தூங்குறாரும்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். என் வேலை கெடக் கூடாது என்றுதான், புரிகிறது. ஆனால் ஒன்பதாம் நாள் அவருக்கு ஒரு சட்டை வாங்கினேன். நீலக் கட்டம் போட்டது. நாற்பத்திரண்டு அளவு சரியாக இருக்குமா என்று உன்னிடம்தான் கேட்டேன். “சரியா இருக்கும்” என்றாய்.

அவருடைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. துடைக்காதே. முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிடு.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். சட்டையை இன்னும் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் மூத்தவள்