புலி இல்லாத படம்

நிஷா அப்பாவுக்கு,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

மேசையில் புள்ளிமான் படம் இருக்கிறது. போன வாரம் நீங்கள் கிழித்துப் போட்டதைத்தான் பேனாவால் மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். நான் அனுப்பிய அதன் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கரையான்சாவடி அச்சகத்துக்காரர் போன் பண்ணினார்.

"இன்னாம்மா, மான் இப்டி மிரண்டுகினு கீது. புலி எங்கே?"

மானின் புள்ளிகளைக்கூட நான் வரையவில்லை, சுற்றிலும் மையால் கோடு போட்டு அந்த இடங்களை வெள்ளையாக விட்டுவிட்டேன், புலியையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"கழுத்த எப்டிம்மா இவ்ளோ கரெக்டா போட்டே? காட்டாண்ட போய்ப் பாத்தியா?"

திருநின்றவூர் ஏரிக்கரையைத் தாண்டி நான் எந்தக் காட்டைக் கண்டேன்? சாயங்காலம் தெருமுனையில் உங்கள் பைக் சத்தம் கேட்டதும் நிஷா வாயிலிருக்கும் சோற்றை மெல்லாமல், கழுத்தை நிமிர்த்தி வாசலையே பார்ப்பாள். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். வரைவதற்காக அவளை அவ்வளவு நேரம் பார்த்த பிறகு, என்னால் இங்கே இருக்க முடியவில்லை.

அவளுடைய ஸ்கூல் பையையும் எடுத்துக்கொண்டேன். தேடி வர வேண்டாம்.

வேண்டுமானால் இந்தப் படத்தையும் கிழித்துக்கொள்ளுங்கள். மான் போய்விட்டது.

நிஷாவின் அம்மா