அபிலாஷ் வண்டியும் என் வாயும்

தொண்டாமுத்தூர்
கார்த்திகை 3

அன்பு மகன் கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், செவலைப் பசு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது, அதுவும் சுகம். அங்கே நீ அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மருதமலை முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அபிலாஷ் வண்டி திருட்டுப் போனதும் திரும்பக் கிடைத்ததும் உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டாமென்று எல்லாரையும் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கும் நடந்தது தெரியுமே தவிர என் மனசில் இருந்தது தெரியாது. உன் சிநேகிதன் மனோஜ்குமார் ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்கு, உங்கள் கால்கரிக்கே திரும்புகிறான், முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், உறையை ஒட்டித்தான் கொடுப்பேன்.

நீ பனியில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பிய வண்டியைப் பார்த்தோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அங்கேயும் இந்த மாதிரி வண்டிகளாகத் தேடித் திருடுகிறார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தை மாதம் உன் சித்தப்பா மகன் அபிலாஷ் அந்த ஃபோர் வீல் வண்டியை வாங்கி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மேல்தோட்டத்துப் பாதையில் மழை பெய்தால் டிராக்டரைத் தவிர எதுவும் ஏறாது, யானை வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போனால் விடிந்ததும் போய்ப் பார்க்க ஒரு வண்டி வேண்டும்தான், அவன் வாங்கியதில் தப்பே இல்லை. ஆனால் உன் சின்னம்மா கோகிலாமணி முன் சீட்டில் உட்கார்ந்து நம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பேன். கூப்பிடு தூரத்தில் இருக்கிற பால் சொசைட்டிக்குக்கூட அவள் அதில்தான் போனாள். அவளாகப் போனால் பரவாயில்லை, அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது என்று அவனே ஏற்றிக்கொண்டு போனான், அது எனக்கு இன்னும் தாங்கவில்லை. போகும்போதெல்லாம் நிறுத்தி, "அக்கா, ஏறி உக்காருங்க, போற வழிதானுங்களே" என்பாள். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். உள்ளே ஒரு வேலையும் கிடக்காது.

அந்த வண்டிக்கு அவன் போட்ட காவலைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது. உக்கடத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிற ரசாக் பாயை வீட்டுக்கே கூட்டி வந்தான், ஒரு நாள் முழுக்க வேலை நடந்தது. இப்போதெல்லாம் திருடன் கண்ணாடியை உடைப்பதில்லையாம், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகிப் புதுச் சாவியே தயார் பண்ணிவிடுகிறானாம். அதனால் அந்த இடத்துக்கு ஓர் இரும்பு மூடி, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஒரு பூட்டு, வண்டி எங்கே போனாலும் போனில் காட்டுகிற ஜிபிஎஸ், டீசலை நிறுத்த மறைவாக ஒரு சுவிட்ச். வேலை முடிந்ததும் அபிலாஷ் இரண்டாவது சாவியை என் கையில் கொடுத்து, "பெரீம்மா, ரெண்டு சாவியும் ஒரே ஊட்டுல இருக்க வேண்டாமுங்க, உங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்றான். ரசாக் பாய் பக்கத்தில்தான் நின்றார். நான் வாங்கிக்கொண்டுபோய் நடையில் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் தொங்கவிட்டேன். நம்பிக் கொடுத்தானே என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே, அதுவும் தோன்றவில்லை. பெற்ற தாய்க்குக்கூட யாரும் இத்தனை காவல் வைப்பதில்லை என்று அப்பாவிடம் குத்தலாகச் சொன்னேன், அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆவணியில் பேரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். அன்றைக்கு நம் பழைய ஆம்னி வேன் கிளம்பவில்லை, வேறு வழியில்லாமல் அபிலாஷ் வண்டியில்தான் எல்லாரும் போனோம். மற்றவர்கள் மண்டபத்துக்குள் போய்விட்டார்கள், நான் கசங்கின சேலையைச் சரிசெய்துகொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக நாற்பது வயது ஆள் ஒருவர் வந்து கும்பிட்டு, "ஏனுங்கம்மா, வண்டி அம்சமா இருக்குதுங்க, உங்களுதுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, எம்பையன் எடுத்தது" என்று சொல்லிவிட்டேன் கண்ணு. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. பையன் என்ன பண்ணுகிறார் என்றார், கூடவே இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்றேன். அந்தப் பத்து நிமிஷம் நீ இங்கேயே இருந்தாய். நீதான் வண்டியை ஓட்டி வந்து நிறுத்தினாய், நீதான் உள்ளே பந்தியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். சொல்லச் சொல்ல இனித்தது, அதனால் அவர் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். எந்த ஊர், எந்த வீதி, எல்லாம் சொன்னேன். இவ்வளவு நல்ல வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்றார், பூட்டு சுவிட்ச் எல்லாம் உண்டு, பகலில் ஒன்றும் போடுவதில்லை, ஆள் நடமாட்டம் இருக்கிறதே, புதன்கிழமை மட்டும்தான் எல்லாரும் கீழ்த்தோட்டத்தில் தக்காளி பறிக்கப் போய்விடுவோம் என்றேன். அவர் வீட்டு வண்டிச் சாவி ஒன்று தொலைந்துபோய் மறுசாவி எடுக்கப் பட்ட பாட்டைச் சொன்னார். எங்கள் வீட்டில் எதுவும் தொலையாது, காலண்டர் ஆணியில் மாட்டினால் மாட்டின இடத்திலேயே இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை மதியம் சோற்றுக்குத் திரும்பி வந்தால், பக்கத்தில் அபிலாஷ் வண்டி நிறுத்துகிற ஷெட்டு காலியாக இருக்கிறது. நம் வீட்டுப் பின்கதவுக் கொக்கியை நெம்பித் திறந்திருந்தார்கள், காலண்டர் தரையில் கிடந்தது, ஆணியில் சாவி இல்லை. ஜிபிஎஸ் மதுக்கரை வரைக்கும் காட்டிவிட்டு நின்றுபோனது. காலண்டரைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வந்து, சாவி இங்கே இருந்தது யாருக்குத் தெரியும், ஜிபிஎஸ் எந்த இடத்தில் இருந்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். சித்தப்பா ரசாக் பாய் பெயரைச் சொன்னார். அபிலாஷ், "அவரு அப்படிப்பட்ட ஆளில்லீங்கப்பா" என்று எவ்வளவோ சொன்னான், எடுபடவில்லை. ரசாக் பாயை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள், மறுநாளும் அதேதான். அப்போதும் நான் பேசவில்லை. கோகிலா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு மூலையில் ஜில்லென்று இருந்தது, இனிமேல் வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்காது என்று. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் சாவி விஷயமாகக் கையெழுத்துப் போட என்னையும் வரச் சொன்னார்கள். ரசாக் பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவர் சம்சாரம் சாஜிதா பேகம் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க, கால் வலிக்கும்" என்று இடம் விட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. நின்றபடியே இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த ஆள் கேட்டது, நான் சொன்னது, என் பையன் வண்டி என்று பொய் சொன்னது வரைக்கும். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ரசாக் பாயை அப்போதே போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கோகிலாவிடமும் சொன்னேன். அவள், "எம்பையன உங்க பையன்னு சொன்னதுக்கு நான் கோவிச்சுக்குவனாங்க அக்கா? சாவி மாட்டற ஆணி வரைக்கும் எதுக்குங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கல்யாண வீடியோவை வாங்கிப் பார்த்ததில், மண்டப வாசலை எடுத்த இடத்தில் அந்த ஆள் இருந்தான். இரண்டு வீட்டுக் கல்யாணக்காரர்களுக்கும் அவனைத் தெரியவில்லை. அவன் யாரென்று பிடிக்க அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நம் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு நான் சிரித்துச் சிரித்துப் பேசுகிறேன். இவ்வளவு சந்தோஷமாக என்னைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்பா சொன்னார், அவர் கேலிக்குச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் வாளையாறு தாண்டி ஒரு பழைய குடோனில் நம்பர் பிளேட்டை மாற்றி நிறுத்தியிருந்த வண்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். கதவில் இரண்டு கீறல், சீட்டெல்லாம் கிழிசல், மற்றபடி குறையில்லை. அந்த ஆளும் கூட வந்த இன்னொருவனும் உள்ளே இருக்கிறார்கள்.

நான் ரசாக் பாய் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து, மனசில் ஒன்றுமில்லை என்றார். சாஜிதா பேகம் டீயைக் கொண்டுவந்து வைத்ததே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீங்க வந்து சொல்லிட்டீங்க, சரிங்கம்மா. மூணு வண்டிக்காரங்க சாவியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க, அவங்ககிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டது. நான்தான் சொன்னேன். அந்த மூன்று பேர் வீட்டுக்கும் அபிலாஷைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார், அங்கேயும் போனேன். பால் சொசைட்டி வரிசையிலும் நானே எடுத்துச் சொன்னேன், சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் மறுபடியும் பாயிடம் வண்டி விடுகிறார்கள். மூன்றாமவர் விடவில்லை, அது என் தலையில்தான் இருக்கும்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முந்தாநாள் கோகிலாவுக்குச் சளி, அபிலாஷ் அவளுக்கு மிளகு ரசம் வைத்தான், பூண்டை உரிக்கக்கூடத் தெரியாமல் நசுக்கிக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை, அங்கே உனக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். உங்கள் ஊரில் சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே வெளியே நின்று அதன் சிக்னலைப் பிடித்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று அபிலாஷ் சொன்னான், சாவியைக் கதவோரம் வைக்காதே, மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு வை. ஸ்டியரிங் பூட்டு வாங்கிப் போடு, அஞ்சு நிமிஷ வேலைக்கு இறங்கினாலும் போடு, பகல்தானே என்று விட்டதில்தான் இங்கே போயிற்று. வண்டிக்குள் அட்ரஸ் போட்ட பேப்பர் எதுவும் வைக்காதே. யாராவது வந்து நல்லாயிருக்கிறது என்றால் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

மாசி மாதத்திலாவது லீவு கேட்டுப் பார். பீளமேட்டு ஏர்போர்ட்டில் இறங்கினால் அபிலாஷ் வண்டியை அனுப்பச் சொல்ல மாட்டேன், அவன் கேட்டாலும் வேண்டாம் என்பேன். நம் ஆம்னியிலேயே அப்பாவும் நானும் வருவோம். அதற்குப் பேட்டரி பாதி நாள் எடுப்பதில்லை, மறுநாள் காலையில் எப்படியும் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். நீ இறங்கித் தள்ளு, வீதி முழுக்கத் தள்ளு, அப்பாவிடம் மெதுவாகவே கிளப்பச் சொல்கிறேன். என் பையன் வண்டி தள்ளுகிறான் என்று எல்லாரும் பார்க்கட்டும், கோகிலா வாசலில் நின்று பார்க்கட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க அம்மா அப்பா இருவர் ஆசீர்வாதமும் உண்டு. முறுக்கில் மனோஜ்குமாருக்கும் பங்கு கொடு. தகர டப்பாவை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
பா. நாச்சியம்மாள்