குழியில் வேலை

1895 பிப்ரவரி 18
பெட்டி கட்டியாயிற்று. கோலார் தங்க வயலில் தரைமேல் இருக்கும் நீராவிப் பம்புக்கு என்னைப் பிட்டராகக் கேட்டிருக்கிறார்கள். மதராஸ் தொழிற்பள்ளியில் படித்ததற்குச் சரியான வேலை. ஆரணியில் எனக்கு என்ன இருக்கிறது? அப்பா செத்த பிறகு அவருடைய தறிக்குழி காலியாகக் கிடக்கிறது. அதில் கால் தொங்கவிட்டு உட்கார மாட்டேன் என்று மீசை முளைக்கும் முன்பே சொன்னவன் நான்.

பிப்ரவரி 20
ஆள் சேர்க்கும் மேஸ்திரி தணிகாசலம் சந்தையில் பிடித்துக்கொண்டார்.
"சேதி மாறிப்போச்சுப்பா. மேல் பம்புக்கு வேற ஆள் வந்துட்டான். அடியில இருக்கிற பம்புக்குத்தான் வேணுமாம்."
"அடின்னா?"
"சுரங்கத்துக்குள்ள. சம்பளம் கூட. கூண்டுல நின்னா ஜல்தியா எறக்கி வுட்ருவான்."
"ஏறும்போது?"
"அப்பவும் அதே கயிறுதான்!" என்று சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த புதனுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 21
அதே கயிறுதான் — நாள் முழுக்க இது ஒன்றே காதில்.

பிப்ரவரி 22
மதராஸ் பட்டறையில் கொதிகலம் தூக்கும்போது கம்பிக் கயிறு அறுந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒவ்வொரு கம்பியாக விட்டுப்போயிருந்தது. அடியில் நின்றவன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் நினைவில் இருக்கிறது.
பயம்தான். இதற்கு வேறு பெயர் எதற்கு?

பிப்ரவரி 23
அம்மாவிடம் சொன்னேன். "மேல இல்லியாம், அம்மா. குழியிலதான் வேலையாம்."
பட்டு சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "குழியிலயா? தங்க ஊர்லயும் தறி ஓடிகினு இருக்குதா? இருக்காதா பின்ன! தங்கம் எடுக்கற எடத்துல ஜரிகைக்கு என்னா பஞ்சம்!"
எங்கள் தெருவில் குழியில் இறங்கினான் என்றால் தறியில் உட்கார்ந்தான் என்றுதான் அர்த்தம். மறந்தே போனேன். திருத்த வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு உண்ணாமலையைக் கூப்பிட்டுவிட்டாள்.
"யக்கா, எம் புள்ள குழிக்கு வந்துட்டான்! இரும்பு இரும்புன்னு ஓடினவன்!"
"அவங்கப்பன் இருந்து பாக்கல பாரு," என்றாள் உண்ணாமலை.
எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்பவன் நான். இன்று அம்மா விட்ட இடத்திலிருந்து பட்டு நூலைச் சுற்றத் தொடங்கினேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு, "ஏன் ராயப்பா, குழிக்குப் போறியாமே?" எனக்கு மட்டும் அது கல்லறைக் குழியாகவே கேட்கிறது.
வீட்டில் அம்மா, அப்பாவின் தறிக்குழியைப் பெருக்கி வைத்திருக்கிறாள். போகும்வரை பழகட்டுமாம். உட்கார்ந்தேன். முழங்கால் வரை ஈரமும் இருட்டும். எழுந்துவிட்டேன். போகவில்லை என்றால் என் வாழ்க்கை இதுதான். போனால் — எவ்வளவு ஆழமோ, தெரியாது.

பிப்ரவரி 27
விபூதிப் புதன். மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் லத்தீனில் சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார். அர்த்தம் தெரியாமலே இருந்திருக்கலாம்.
சாம்பலோடு நேராகத் தணிகாசலத்திடம் போனேன்.
"வரேங்க. ஆனா ஒவ்வொரு தபாவும் எறங்கறதுக்கு முன்னால கயித்த நான் பாக்கணும். வுடலன்னா எறங்க மாட்டேன்."
"நீ பிட்டரா, தொரையா?"
"அறுந்தா ரெண்டும் ஒண்ணுதாங்க."
"பேஜார் புடிச்ச ஆளுப்பா நீ. சொல்லிப் பாக்கறேன்."

மார்ச் 4
ஒத்துக்கொண்டார்களாம். மறுக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது தெரிகிறது.

மார்ச் 6
ரயிலடிக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு பிடி கழிவுப் பட்டு நூலை மடியில் திணித்தாள். "கணுக்கால்ல சுத்திக்கோ. குழியில ஈரம் ஏறும். கால் நனையாம பாத்துக்கோடா." இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன்.

மார்ச் 11, தங்க வயல்
கூண்டுக் கயிற்றை மெதுவாக ஓட்டச் சொல்லி, அம்மா கொடுத்த பட்டு நூலை அதன்மேல் சுற்றிப் பிடித்தேன். ஒரு கம்பி முறிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் பட்டு சிக்கிவிடும். சிக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். இயந்திரக்காரன் திட்டிக்கொண்டே ஓட்டினான். சிக்கவில்லை.
கூண்டில் ஏறினேன். இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பம்பைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர்.
மேலே வந்து துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அம்மாவுக்கு எழுதினேன்: குழி சௌக்கியம். கால் நனையவில்லை.