ஏறிய அளவு

மயிலாப்பூர்,
19-7-96

அன்புள்ள ஜானுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ‘இங்கு அனைவரும் நலம்’ என்ற வரியைத்தான் என் கை முதலில் எழுதும். இன்றைக்கு அதை விட்டுவிட்டேன்.

முந்தாநாள் போனில் நான் சொன்னதை மறந்துவிடு. அம்மா ரத்தத்தில் நம்பர் ஏறிவிட்டது, தேறிவிட்டாள், நீ லீவு போட்டு அலைய வேண்டாம் என்று டெலிபோன் பூத்தே அதிரக் கத்தினேன் அல்லவா? அது உன் அப்பன் அறிவு.

கீரை வாங்கப் போன இடத்தில் சுருண்டு விழுந்தாளே, அப்போது நின்ற இதயத்தை டாக்டர்கள் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். கண் மட்டும் திறக்கவில்லை. மூச்சு மெஷினில்தான். மூளைக்கு எவ்வளவு அடி என்று பார்க்க டாக்டர் ஜஹனாரா தினமும் ரத்தம் எடுத்து அனுப்புகிறார். முதல் தடவையைவிட ஏறியிருக்கு என்று நர்ஸ் சொன்னாள். நான் மெட்ரோ வாட்டரில் ஏரி அளவு குறித்தே நரைத்தவன். புழலில் ஓர் அடி ஏறினால் ஆபீஸில் கேசரி கிண்டுவோம். ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். வெள்ளைத்துரை என்று ஒருத்தர், அவர் மகனும் உள்ளேதான் இருக்கிறான். நீ கொடுத்துவெச்சவன் நைனா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உனக்குப் போன் பண்ணிவிட்டு வந்து டாக்டரம்மாவிடமும் ஒரு துண்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு, உட்காருங்க ஐயா என்றார். நரம்பு செல் உடைந்தால் அதற்குள் இருக்கிற ஒரு பொருள் ரத்தத்தில் கசியுமாம். அதைத்தான் அளக்கிறார்களாம். ஏற ஏறச் சேதம் அதிகமாம். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம், மற்றதையும் பார்க்கணும், ஆனா பொண்ணை வரச் சொல்லிடுங்க என்றார். பேசி முடிகிற வரை அந்தத் துண்டை அவர் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நேற்று மறுபடி உனக்குப் போன் போட்டேன். நீ ஹலோ என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் நாளை மஸ்கட் கிளம்பும் நம் ரகுபதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உள்ளே விடும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று ஏதாவது உளறிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வது அவளுக்குக் கல்யாணம் ஆன நாளாகப் பழக்கம். எனக்காகத் திறப்பாள் என்று தோன்றவில்லை. உன் குரல் வேறு. காதில் விழுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார். விழாது என்று சொல்லவில்லை.

சாமி உனக்குத் துணையிருக்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வா கண்ணு.

உன் அப்பா,
சின்னப்பையன்