உயிருள்ள கல்லும் ப்ளீச்சிங் பவுடரும்

ஜூன் 15, ஞாயிறு

யூதர்கள் இருந்த ஜூ டவுன் பார்க்க வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர் வழி தவறி நம் சந்துக்குள் நுழைந்துவிட்டார்கள். விடுவேனா? உள்ளே கூப்பிட்டு மீன்தொட்டியைக் காட்டினேன். உப்புத்தண்ணீர்த் தொட்டி, நாலடி நீளம். கொச்சியிலேயே வேறு யாரிடமும் இல்லை என்றேன். உள்ளே இருக்கும் கல் லட்சத்தீவிலிருந்து வந்தது, வயது நானூறு, உயிர் உண்டு என்றேன். எந்த பாஷையில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பாதிக்கு மேல் கைதான் பேசியது. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

உள்ளதை எழுதினால், தொட்டி என் தங்கை மகள் அஞ்சுவுடையது. களமசேரியில் ஹாஸ்டலில் இருந்து மீன் படிப்பு படிக்கிறாள். அங்கே தொட்டி வைக்க விடமாட்டார்கள் என்பதால் மாமன் வீட்டில் வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் இது டாக்டர் சோனியாவின் பல் கிளினிக்குக்குப் போகவேண்டும். அஞ்சுவுக்கு வந்த முதல் ஆர்டர். இது நன்றாக அமைந்தால்தான் அடுத்தது. கல்லை அவளே ஆறு மாதம் உப்புத்தண்ணீரில் போட்டு உயிர் பிடிக்க வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் குடியிருந்து மீனின் அழுக்கைத் தின்று தண்ணீரைக் காக்குமாம். நானூறு வயது நான் கொடுத்தது.

ஜூன் 19, வியாழன்

கல்லில் பச்சையாக ஏதோ. முடி மாதிரி.

ஜூன் 22, ஞாயிறு

அஞ்சு வந்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பாசி. எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்று கேட்டாள். நீ சொன்னபடிதான், காலையில் ஒரு நுள்ளு என்று விரலைக் குவித்துக் காட்டினேன்.

கல்லை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் மொண்டு, அதற்குள் வைத்துப் பல்பிரஷ்ஷால் தேய்த்தாள். தொட்டிக்குள் தேய்த்தால் பாசித்தூள் பறந்து எல்லாக் கல்லிலும் பிடிக்குமாம். விளக்கு எரியும் நேரத்தையும் குறைத்தாள். போகும்போது இரண்டு தடவை சொன்னாள்: “மாமா, பைப்புத் தண்ணி மட்டும் தொடவே வேண்டா. கல்லு செத்துப்போகும்.”

ஒரு நுள்ளு கணக்கு என்ன ஆயிற்று என்று இங்கே எழுதலாம், மலையாளத்தில் படித்தவள், அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது பார்க்க வந்தால் ஒரு நுள்ளு போடுவேன். போட்டால்தான் அந்த ஆரஞ்சு மீன் ஜோடி முன்னால் வந்து ஆடும். ராசப்பனுக்கு ஒன்று, ராசப்பன் மச்சானுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்காரிகளுக்கு இரண்டு. வீடு தேடி வந்தவருக்கு வெறும் கல்லையா காட்டுவது?

ஜூலை 3, வியாழன்

பாசி முன்னைவிட நீளம். அலை மோட்டார் ஓடும்போது தலைமுடி காற்றில் பறப்பது போல ஆடுகிறது. உட்கார முடியவில்லை. எழுந்து பார்க்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்து பார்க்கிறேன். முப்பிடாதி கேட்கிறாள்: “மூலக்காரன் மாதிரி ஏன் இப்படி எந்திச்சு எந்திச்சு உக்காருதிய?” பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராசப்பன் ஆட்டோவை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தான். “காளிமுத்தண்ணே, உங்க கல்லுக்கு உயிர் மட்டுமில்ல, தாடியும் வந்திருச்சு.” சந்து முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஜூலை 5, சனி

கார்ப்பரேஷனில் சுகாதாரப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம். வெள்ளம் ஏறி இறங்கினால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். மட்டாஞ்சேரியில் நான் ப்ளீச்சிங் போடாத கிணறு இல்லை. கலெக்டரே ஒரு தடவை என் கிணற்றில் மொண்டு குடித்தார். (கலெக்டர் இல்லை, கவுன்சிலர்.) அந்தக் கைக்கு ஒரு கல்லில் உள்ள பாசி பெரிய விஷயமா?

நாளை அஞ்சு வரமாட்டாள், பரீட்சைக்குப் படிக்கிறாள். பெரிய கல்லை எடுத்தேன். பைப்புத் தண்ணீர் ஒரு பக்கெட், ப்ளீச்சிங் இரண்டு ஸ்பூன், அரை மணி நேரம். கல் தேங்காய்ச்சில்லு போல வெளுத்துவிட்டது. நன்றாக அலசித் தொட்டிக்குள் வைத்தேன். ராசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று நுள்ளு போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பெண்மீன் செத்துவிட்டது. பக்கவாட்டில் கிடந்தது, கண் திறந்தபடி. பாசி தின்ன விட்டிருந்த நத்தைகள் நாலும் மல்லாந்துவிட்டன. தண்ணீர் கஞ்சி போல. ஆண்மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

அஞ்சு போன் செய்தாள். என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, லைன் மேல் மரம் விழுந்துவிட்டது என்றேன். என்ன மரம் என்று அவள் கேட்கவே இல்லை. மாமரம் என்றேன். நான் ஏன் அதைச் சொன்னேன்?

“சாரமில்ல மாமா, போகட்டும். நீங்க மனசக் கஷ்டப்படுத்தாதீங்க” என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

கிளாஸை விட்டுவிட்டு வந்தாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டாள், கரும்பச்சை ஆயிற்று. அமோனியாவாம், விஷம். பாதித் தண்ணீரை மாற்றினாள். ஆண்மீனைத் தனி பக்கெட்டில் காற்றுக்குழாய் வைத்து விட்டாள். பிறகு வெளுத்த கல்லையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“கரண்ட் அஞ்சாறு மணிக்கூர் போனா கல்லு இப்படிச் சாகாது மாமா. நான் உயிர் பிடிக்க வச்சதே சரியில்ல போல. ஆறு மாசமும் வெறும் கல்லத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். டாக்டர் கிட்ட நடக்காதுன்னு சொல்லிடுறேன். இது எனக்கு வர்ற வேல இல்ல.”

சாயா கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். எதற்கெல்லாமோ திறக்கிற இந்த வாய் — இன்று ஒட்டிக்கொண்டது.

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தேன். பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் களமசேரி போனேன். கேட்டில் நின்று போன் செய்தேன். பயந்துபோய் ஓடி வந்தாள்.

சொன்னேன். கரண்ட் போகவில்லை, மரம் விழவில்லை, ப்ளீச்சிங் போட்டேன்.

நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காக மாமா கள்ளம் சொல்லண்டா” என்றாள். நானூறு வயசை நம்பினார்கள், கலெக்டரை நம்பினார்கள். இதைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. இரண்டு ஸ்பூன், அரை மணி, பைப்புத் தண்ணீர் என்று பிச்சை கேட்கிறவன் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். கடைசியில் முப்பிடாதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போச்சா?

“எங்க போச்சு? நாள் பூரா டிவி பாத்தேன். ஏன், யாருட்ட என்ன அளந்திய?”

அஞ்சு என் கையை விட்டாள். “தீனி?” என்றாள்.

“ஏழு நுள்ளு. சில நாள் எட்டு.”

போனை எடுத்து, நடக்காது என்று டாக்டருக்கு எழுதி வைத்திருந்ததை என் முன்னாலேயே அழித்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 12, சனி

வந்தாள். முப்பிடாதியிடம் மட்டும் பேசினாள். மற்றக் கல்லெல்லாம் பிழைத்திருக்கிறதாம். கிளினிக் ஆர்டர் அக்டோபருக்குத் தள்ளிப்போய்விட்டது. பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் மொண்டு கல்லைத் தேய்க்க உட்கார்ந்தாள். நான் இன்னொரு பிரஷ் எடுத்து எதிரில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆண்மீன் தொட்டிக்குத் திரும்பியது. பாசி விரல்நுனி அளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தண்ணீர் சோதிக்கிற பெட்டியை என்னிடம் விட்டுப் போனாள். புதன்கிழமை பார்த்து நம்பரை அனுப்பவேண்டும். நைட்ரேட் பத்துக்குள் நின்றால் பாசி அடங்கும், கூடினால் எங்கோ தப்பு. அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 20, புதன்

சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். பெட்டியில் உள்ள நிற அட்டையில் பத்துக்கு ஒரு சிவப்பு, இருபதுக்கு ஒரு சிவப்பு. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். பத்து என்று நினைத்துப் பார்த்தால் பத்து மாதிரியும் இருந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே வந்து மறுபடி பார்த்தேன்.

இருபது என்று அனுப்பினேன்.

அரை மணி கழித்துப் போனில் அவள் குரல் வந்தது: “சரி மாமா. ஞாயிறு தண்ணி மாத்திடலாம். நீங்க உப்பு கலக்கி வைங்க.”

இதுவரை உப்பை அவள்தான் கலந்திருக்கிறாள், என்னைத் தொட விட்டதில்லை.